சிப்காட் பக்கத்து வீட்டில் ஆர்.ஓ. மெஷின்: ஒன்றரை வருஷ அனுபவம்

மெஷின் நல்ல மெஷின்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நாலு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம். கம்பெனி பெயர் எழுதவில்லை, ஏனென்றால் சர்வீஸைப் பற்றிச் சொல்லப் போவது அவ்வளவு நல்லதாக இல்லை. விலை 14,500 ரூபாய். ஃபில்டர், மெம்பிரேன் (கரைந்த உப்பை வடிக்கும் சவ்வு), சர்வீஸ் எல்லாம் சேர்த்தால் அப்புறம் வருஷத்துக்கு ஒரு 4,000 பிடிக்கிறது.

நாங்கள் இருப்பது ராணிப்பேட்டை, சிப்காட்டுக்குக் கிட்டே. 1995-ல் மூடிய குரோமேட் ஆலை ஒன்று இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கழிவை மேடாக விட்டுவிட்டுப் போனது இங்கேதான். குரோம் தாதுவைச் சோடா உப்போடு சூளையில் வறுத்து, தோல் பதனிட வேண்டிய உப்பை எடுத்த பிறகு மிஞ்சிய சக்கை அது. மழை பெய்தால் அதில் ஒட்டியிருக்கும் குரோமியம் கரைந்து மஞ்சளாக ஓடும், மண்ணுக்குள்ளும் இறங்கும். 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு உலகத்தில் மிக மோசமாகக் கெட்டுப்போன பத்து இடங்கள் என்று பட்டியல் போட்டபோது செர்னோபிலோடு எங்கள் ஊரும் அதில் இருந்தது. அந்தப் பெருமை போதும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளெல்லாம் இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. லேபில் கொடுத்துப் பார்த்தால் குடிதண்ணீருக்கு உள்ள வரம்பைப்போல (லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்) நாலு மடங்கு குரோமியம். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று அத்தை சொன்னார்கள். காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், குரோமியம் அங்கேயே இருக்கும். யூ.வி. மெஷினும் கிருமிக்குத்தான். அதனால்தான் ஆர்.ஓ. வாங்கினோம். அதன் மெம்பிரேன் குரோமியத்தில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறது, எங்கள் வீட்டில் முதல் மாதம் எடுத்த டெஸ்டில் ஒன்றுமே தெரியவில்லை.

அப்புறம்தான் சர்வீஸ் கதை. சித்தூரிலிருந்து ஒரு தம்பி வருவான், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் முக்கி, "அக்கா, 60 இருக்கு, தண்ணி சப்புனு இருக்குமே" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த சின்ன திருகை ஸ்க்ரூடிரைவரால் ஒரு சுற்றுச் சுற்றினான். 150 வந்தது, தண்ணீரும் ருசியாகத்தான் இருந்தது. நானும் நன்றி சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து மறுபடி லேபில் கொடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தத் திருகு மெம்பிரேனைத் தொடாத தண்ணீரைச் சுத்தமான தண்ணீரோடு கலந்துவிடுகிறது, பத்தில் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடித்திருக்கிறோம். குரோமியம் வரம்புக்குள்தான் இருந்தது, ஆனால் அதற்காகவா 14,500? மீட்டரையும் குறை சொல்ல முடியாது, அது மொத்த உப்பைத்தான் காட்டும். கிணற்றுத் தண்ணீரில் உப்பு தொள்ளாயிரம் இருக்கிற இடத்தில் 0.2 குரோமியம் எங்கே தெரியப்போகிறது? கேட்டதற்குத் தம்பி "பர்வாலேதுக்கா, எல்லாருக்கும் இப்படித்தான் வைக்கிறோம்" என்றான். சர்வீஸுக்கு ஒரு நட்சத்திரம்.

சரி, மண்ணைச் சுத்தம் செய்துவிட்டால் மெஷினே வேண்டாமே என்பீர்கள். யார் பணத்தில்? கெடுத்தவன் கட்ட வேண்டும் என்று 1996-லேயே வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, எங்கள் பக்கத்து வழக்குதான் அது. ஆனால் மூடிப்போன ஆலையிடம் போய் என்ன வசூலிப்பது? 2010-ல் நிலக்கரிமேல் டன்னுக்கு 50 ரூபாய் செஸ் (தனி வரி) போட்டார்கள், அதில் சேர்ந்த நிதியில் இந்த மாதிரி குப்பைமேடுகளுக்கும் பங்கு உண்டு என்றார்கள். செஸ் 400 ரூபாய்வரை ஏறியது, 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் கணக்குக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் இதற்கென்றே 1980-ல் ரசாயன, பெட்ரோலியக் கம்பெனிகள்மேல் வரி போட்டு, அதை 1995-ல் காலாவதியாக விட்டு, 2021-ல் சட்டம் போட்டு ரசாயன வரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அங்கேயும் இழுபறிதான். இங்கே 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. கெடுத்தவர் கிடைக்காவிட்டால், அல்லது கிடைத்தும் கட்ட வக்கில்லாவிட்டால், மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்கும். நல்ல விதிதான். சுத்தம் செய்து முடிக்க மட்டும் கெடு எதுவும் அதில் கிடையாது.

அதுவரை செலவை ஏற்பது யார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். எங்கள் தெருவில் 22 வீட்டில் மெஷின், வீட்டுக்கு 4,000 என்றால் வருஷம் 88,000. குரோமியமோ எங்கேயும் போகவில்லை. மூன்று லிட்டர் உள்ளே போனால் ஒரு லிட்டர்தான் சுத்தமாக வரும், மீதி இரண்டு லிட்டரில் வரம்பைப்போல ஆறு மடங்காகச் சேர்ந்து, வெள்ளை டியூப் வழியாக வாழைமரத்தடிக்குப் போகிறது. வாழையிலிருந்து கிணறு பத்தடி.

போன வாரம் தம்பி திருகை மூடிவிட்டு, "டியூபை வேற எங்கக்கா விடட்டும்?" என்றான். சாக்கடை ஏரிக்குப் போகிறது, பின்னால் பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்தி. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பழைய இடத்திலேயே விடச் சொல்லிவிட்டேன்.

வாங்குகிறவர்கள் திருகு இல்லாத மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.