விழித்திரை அறுவைக்குப் பின் கண்ணில் வைத்த வடிகால் குழாய்: ஒரு நெடுநாள் அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் எனக்கு இடது கண்ணில் விழித்திரை விலகியதால், அதை ஒட்டவைத்துக் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் நிரப்பினார்கள். திரை நன்றாகவே ஒட்டியது. ஆனால் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து, கண்ணின் நீர் வெளியேறும் வழியை அடைத்துவிட்டதால், எண்ணெயை எடுத்த பிறகும் கண் அழுத்தம் இறங்கவில்லை. பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு வரை இருக்க வேண்டிய அழுத்தம், சொட்டு மருந்துகளுக்கும், விரல் நுனிகளை மதமதக்கச் செய்யும் அசட்டசோலமைடு மாத்திரைக்கும் அடங்கவில்லை. கண்ணின் நீரை வெளியே வடியவிடும் குழாய் வைப்பதே வழி என்றானது.

எனக்கு வைத்தது வால்வு உள்ள வகை. வாய்க்கால் மதகைப் போல, அழுத்தம் ஏறினால் திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். மதுரை அரோலேப் நிறுவனம் தயாரிக்கும் குழாயில் வால்வு கிடையாது. அதைக் கரையும் நூலால் கட்டிவிடுவார்கள். நூல் தளர ஐந்தாறு வாரங்கள் ஆகும் என்பதால் அதுவரை மருந்தை நிறுத்தக் கூடாது. எண்ணெய் மேலே மிதக்கும் இயல்புடையது என்பதால் என் குழாயைக் கண்ணின் கீழ்ப்பக்கம் வைத்தார்கள். அப்படியும் மிச்சமிருந்த எண்ணெய் குழாய் வழியே கசிந்து, வெண்விழியின் மேற்படலத்துக்கு அடியில் சிறு மணிகளாகத் தங்கியது.

முதல் சில வாரங்கள் தாழ்ந்திருந்த அழுத்தம் இரண்டாவது மாதத்தில் மறுபடி ஏறியபோது, அறுவை வீணாகிவிட்டதென்று குடும்பமே கலங்கியது. குழாயின் வெளிமுனையில், வெண்விழி மேல் பொருத்தியிருக்கும் தகட்டைச் சுற்றி உடல் தடித்த உறை கட்டுவதால் வரும் இந்த ஏற்றம் பலருக்கும் வருவதுதான். சொட்டு மருந்தைத் தொடர்ந்ததில் சில மாதங்களில் எனக்கு அடங்கியது. இதை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் விளக்கிச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரிய சிக்கல் பிற்பாடுதான் வந்தது. ஒரு சம்பா அறுவடைக் காலத்தில் தொடங்கிய உறுத்தல் நிற்கவே இல்லை. பரிசோதனையில், குழாயை மூடியிருந்த படலம் மெலிந்து குழாய் வெளியே தெரிந்தது. அந்த வழியாகக் கிருமி உள்ளே போனால் கண்ணே பறிபோகலாம் என்பதால், தானமாகக் கிடைத்த கண்ணின் வெண்விழித் திசுவை வைத்து உடனே மூடினார்கள். குழாய் வைத்தவர்களுக்குச் சிவப்போ வலியோ பார்வை மங்கலோ தோன்றினால், கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இப்போது இரண்டு சொட்டு மருந்துகளோடு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. அழுத்தத்தால் பார்வை நரம்பு முன்பே அழிந்ததில் போன பார்வை திரும்பவில்லை. குழாய் நுனி கருவிழியை நெருங்கினால் அதன் உட்புறச் செல்கள் தேயும் என்பதால், அழுத்தத்தோடு கருவிழியையும் தவறாமல் பார்த்துக்கொள்கிறேன். கதிரடிக்கும் களத்தில் பக்கம் மூடிய கண்ணாடி இல்லாமல் நிற்பதில்லை.