கட்டைவிரல் நகப் பூஞ்சை: 14 மாத அனுபவம்

மலேசியாவின் பினாங்கில், பிறை தொழிற்பேட்டையில் எனக்கு வேலை. நாளுக்கு 12 மணி நேரம் கால் சேஃப்டி பூட்ஸுக்குள்தான் கிடக்கும். வலது கட்டைவிரல் நகத்தின் ஓரம் மஞ்சளானபோது, எங்கோ இடித்துக்கொண்டேன் என்று விட்டுவிட்டேன். போகப் போக நகம் தடித்தது. வெட்டினால் அடியிலிருந்து சுண்ணாம்புப் பொடி மாதிரி உதிரும்.

முதலில் பார்மசியில் பூஞ்சையைக் கொல்லும் அமோரோல்ஃபின் 5 சதவீத நகப்பூச்சு வாங்கினேன். வாரம் ஒரு முறை நகத்தை அரத்தால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். நான்கு மாதம் ஒழுங்காகப் பூசியும் மஞ்சள் நகவேர் வரை ஏறிவிட்டது. நுனியில் மட்டும் இருக்கும்போதே தொடங்கியிருந்தால் பூச்சு உதவியிருக்கலாம்.

அப்புறம்தான் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் உடனே மருந்து எழுதவில்லை. நகத்தை வெட்டி, அடியிலிருந்த பொடியையும் சுரண்டி லேபுக்கு அனுப்பினார். சொரியாசிஸ் என்ற தோல்நோய் வந்தாலும், பழைய அடி பட்டிருந்தாலும் நகம் இப்படித்தான் தெரியுமாம். சில வாரம் கழித்து முடிவு வந்தது: டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை. விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்து, "தம்பி, இந்தச் சேற்றுப்புண்ணிலிருந்துதான் நகத்துக்கு ஏறியிருக்கு" என்றார். அதற்குத் தனியாகக் களிம்பு கொடுத்தார்.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் சரியாக இருந்ததால் பூஞ்சைக்கான டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை, 12 வாரம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, நாக்கில் ருசி போனாலோ நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார். எனக்கு வயிறு கொஞ்சம் உப்பியதோடு சரி.

மாத்திரை முடிந்த அன்று நகத்தைப் பார்த்து மனம் உடைந்தது. அதே மஞ்சள், அதே தடிப்பு. ஆனால் வேரோரம் 4 மில்லிமீட்டர் அளவுக்குப் புது நகம் தெளிவாக, இளஞ்சிவப்பாக வந்திருந்தது. கெட்டுப்போன நகம் திரும்பத் தெளியாது; புதுசு வளர்ந்து அதைத் தள்ள வேண்டும். கால் நகம் மாதம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். ஒவ்வொரு மாதமும் அடிக்கோல் வைத்து அளந்தேன். மாத்திரை தொடங்கி 14 மாதத்தில் கடைசி மஞ்சள் துண்டை வெட்டினேன்.

இப்போது இரண்டு ஜோடி பூட்ஸ். ஒன்று காயும்போது மற்றது காலில். இந்தப் பினாங்கு ஈரத்தில் ஒரே இரவில் பூட்ஸ் காயாது. காலுறையும் தினம் மாற்றுகிறேன்.

அம்மாவின் நகமும் அதே மஞ்சள். அவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) வேறு. நகத்தோரம் சின்ன வெடிப்பு விழுந்தாலே புண் பெரிதாகிவிடலாம். கடைப்பூச்சு வேண்டாம் என்று நேரே அழைத்துப்போனேன். அவர் நகத்துண்டு இப்போது லேபில் இருக்கிறது.