பழைய பெட்ரோல் காருக்கு இஎல்எம் 327 ஸ்கேனர்: வாங்கும் முன் 7-ஆம் பின்னைப் பாருங்கள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குட்டி புளூடூத் ஸ்கேனர் நிச்சயம் பயன்படும். வண்டியின் 16 பின் சாக்கெட்டில் மாட்டினால், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பதிந்து வைத்த பழுதுக் கோடுகளை (code) ஃபோன் ஆப்பில் காட்டும். ஆனால் சந்தையில் கிடைக்கும் எல்லாமும் பழைய வண்டியோடு பேசாது. 2000-களில் வந்த பல வண்டிகள் கே-லைன் என்ற ஒற்றை வயரில்தான் தகவல் தரும். 16 பின் சாக்கெட்டில் அது 7-ஆம் பின். புதிய வண்டிகளின் கேன் இணைப்பு 6, 14-ஆம் பின்களில். 2.1 என்று அச்சிட்டு வரும் மலிவு நகல்கள் பலவற்றில் கே-லைன் ஒழுங்காக இயங்காது. 1.5 என்று விற்பதில், பிஐசி 18எஃப்25கே80 சிப் இருப்பது நம்பகமானது. அட்டையில் போட்ட எண்ணை நம்பாமல், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கி உங்கள் வண்டியிலேயே மாட்டிப் பார்ப்பதுதான் சரி.

நம்ம பக்கத்து வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் தொடங்கினாலும், நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில்தான். அதனால் 2012-இல் திருநெல்வேலியில் பதிவான கார்கூட பிஎஸ்-3 ஆக இருக்கலாம். பொதுவான ஸ்கேனர் ஆப்கள் கேட்கும் தகவலை அந்த வண்டி தருமென்று உறுதி இல்லை.

இணைப்பு கிடைத்துவிட்டால், பழுதுக் கோடை அழிக்கும் முன் அதன் எண்ணையும், அது பதிவான நேரத்து ஆர்பிஎம், வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். அழித்துவிட்டால் தடயம் போய்விடும்.

இந்தக் கருவி உண்மையில் காசை மிச்சம் பிடிப்பது, இன்ஜின் குளிர்விப்பு நீரின் வெப்பத்தை அளக்கும் கூலன்ட் சென்சார் விஷயத்தில். அதன் சர்க்யூட் பழுதுக்கான பி0118 கோடு வந்து, ஆப்பில் வெப்பநிலை −40 டிகிரி என்று காட்டினால், சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது. சென்சார் கப்ளரைக் கழற்றி, வயரிங் பக்கத்து இரண்டு முனைகளையும் சிறு வயரால் இணையுங்கள். அளவு உச்சத்துக்கு ஏறினால் வயரிங்கும் இசியுவும் நன்றாக இருக்கின்றன, சென்சாரை மாற்றினால் போதும். ஏறவில்லையென்றால் கப்ளரிலோ வயரிலோதான் பழுது. புது சென்சார் போட்டாலும் தீராது. எலி கடித்த வயர் இங்கே அடிக்கடி மாட்டும்.

கலவையில் பெட்ரோல் குறைவு என்னும் பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வது வழக்கம். அது பெரும்பாலும் வீண்செலவு. ஃபியூயல் ட்ரிம் அளவை, அதாவது இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஐடிலிங்கில் +20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் சாதாரண அளவுக்கு இறங்கினால் வெடித்த வேக்குவம் ஹோஸைத் தேடுங்கள். ஏற்றத்தில் ஏறும்போது ட்ரிம் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். ஆக்சிஜன் சென்சார் ஹீட்டருக்கான பி0135 வந்தால் முதலில் அந்த ஹீட்டரின் பியூஸைப் பாருங்கள்.

இன்ஜின் சுழல்வதை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரில் கருவி சறுக்கும். அந்த சென்சார் கெட்டால் சூடேறியதும் வண்டி நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும். வள்ளியூர் தாண்டி மத்தியான வெயிலில் இப்படி நின்றால் அதன்மேல் சந்தேகப்படலாம். ஆனால் கே-லைன் வேகம் மிகக் குறைவு, நொடிக்குச் சில அளவுகளே வரும். கணநேர சிக்னல் துண்டிப்பு அதில் தெரியாது. கோடும் பதிவாகாமல் போகலாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் 0 என்றே நின்றால் அது நல்ல தடயம்.

ஸ்கேனரோடு ஒரு மல்டிமீட்டரும் கட்டாயம் வேண்டும். உவரி, திருச்செந்தூர் உப்புக் காற்றிலும், செங்கோட்டைச் சாரலிலும் நிற்கும் வண்டிகளில் எர்த் முனை பூத்துப்போகும். அப்போது சம்பந்தமில்லாத பல சென்சார் கோடுகள் ஒன்றாக வரும், இசியு போய்விட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வோல்ட்டை அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றி, துரு போகத் தேய்த்து, இறுக்கிய பிறகு மறுபடி கோடைப் படியுங்கள். அதே நேரம் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். குறைந்தால் டைனமோவை முதலில் கவனியுங்கள்.

ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளை இது பெரும்பாலும் படிக்காது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை வகையோ, புளூடூத் 4.0 வகையோ வாங்க வேண்டும்; சாதாரண புளூடூத் வகை ஆண்ட்ராய்டுக்கு மட்டும். வேலை முடிந்ததும் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். சாவியை எடுத்தாலும் 16-ஆம் பின்னில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும், அதிகம் ஓட்டாத வண்டியில் பேட்டரி இறங்கிவிடும்.