ஏசிசிஏ மை எக்ஸ்பீரியன்ஸ்: 36 மாச அனுபவத்துக்கு கையெழுத்து வாங்கின கதை

பிரிட்டன் அக்கவுண்டன்ட் அமைப்பான ஏசிசிஏவோட எக்ஸாம் எல்லாம் பாஸ் பண்ணிட்டா மெம்பர் ஆயிடலாம்னு நிறைய பேரு நினைச்சிட்டு இருக்காங்க. இல்லங்க, அதுவரைக்கும் நாம அஃபிலியேட் தான். எத்திக்ஸ் மாட்யூல் முடிக்கணும், அதோட 36 மாச வேலை அனுபவத்தை சூப்பர்வைசர்கிட்ட சைன்-ஆஃப் வாங்கணும். இதைப் பதிவு பண்றதுக்கு நம்ம மைஏசிசிஏ லாகின்லயே மை எக்ஸ்பீரியன்ஸ்னு ஒண்ணு இருக்கு. சென்னை ஓஎம்ஆர்ல, ஒரு குரூப்போட கணக்கு வேலையெல்லாம் ஒரே இடத்துல பாக்கற ஒரு ஷேர்ட் சர்வீஸ் கம்பெனில வேலை பாத்துக்கிட்டே நான் அதுல முடிச்சேன், எனக்கு ரொம்ப திருப்தி.

மாசக் கணக்கு போடறது ஈஸி. எக்ஸாமுக்கு முன்னாடி, நடுவுல, அப்புறம்னு எப்ப வேலை பாத்திருந்தாலும் அக்கவுண்டிங், ஃபைனான்ஸ் சம்பந்தப்பட்டதா இருந்தா சேரும். நேரம் எடுக்கறது பெர்ஃபார்மன்ஸ் அப்ஜெக்டிவ் தான், அதாவது வேலையில நாம செஞ்சு காட்ட வேண்டிய திறமைகள். மொத்தம் 9 காட்டணும், அதுல 5 எல்லாருக்கும் கட்டாயம், மீதி 4 டெக்னிக்கல்ல நம்ம வேலைக்கு ஏத்த மாதிரி எடுத்துக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் 200லேருந்து 500 வார்த்தைக்குள்ள நாம செஞ்ச வேலையை எழுதணும்.

இந்த எழுதற பார்ட் தான் எனக்குப் புடிச்சது. எத்திக்ஸ் அப்ஜெக்டிவுக்கு நான் எழுதினது ஒரு மார்ச் குளோசிங் சமாச்சாரம். வேலை மார்ச்லயே முடிஞ்சிருச்சு, வெண்டார் இன்வாய்ஸ் மட்டும் லேட்டா வந்துச்சு, பட்ஜெட் தாண்டிரும்னு அந்த செலவை ஏப்ரல்ல புக் பண்ண சொல்லி வேற டீம்லேருந்து மெயில் வந்துச்சு. நான் வேலை முடிஞ்ச தேதிக்கான ஆதாரத்தை வாங்கி அட்டாச் பண்ணி, மார்ச்லயே ப்ரொவிஷன் போட்டு, அதாவது செலவை மார்ச் கணக்குலயே காட்டி, ஃபைனான்ஸ் கண்ட்ரோலரை காப்பில வெச்சு பதில் அனுப்பினேன். அதைப் படிச்ச சூப்பர்வைசர், யாரு உன்கிட்ட கேட்டாங்க, நீ என்ன யோசிச்சு அப்படி பண்ணின, அதை இன்னும் தெளிவா எழுதுப்பான்னு ஒரு தடவை திருப்பி அனுப்பினாரு. அவ்ளோ உக்காந்து படிக்கற ஆள் கிடைச்சா அதுவே பெரிய பாடம்.

சூப்பர்வைசர் விஷயத்துல தான் நிறைய பேரு குழம்பறாங்க. அப்ஜெக்டிவ்ல கையெழுத்து போடறவர் குவாலிஃபைட் அக்கவுண்டன்டா இருக்கணும், ஆனா ஏசிசிஏ மெம்பராவே இருக்கணும்னு இல்ல. ஐஃபாக்ல, அதாவது உலக அக்கவுண்டன்ட் அமைப்புகளோட கூட்டமைப்புல, மெம்பரா இருக்கற அமைப்போட ஆளா இருந்தா போதும், அதனால நம்ம ஊரு சிஏ தாராளமா போடலாம், காஸ்ட் அக்கவுண்டன்டான சிஎம்ஏவும் போடலாம். ஆனா நம்ம வேலை அவருக்கு தெரிஞ்சிருக்கணும், அது முக்கியம். என் மேனேஜர் எம்பிஏ, அதனால அவரு மாசக் கணக்கை மட்டும் ஓகே பண்ணினாரு, அப்ஜெக்டிவ் எல்லாம் எங்க கண்ட்ரோலர், அவரு சிஏ, அவரு பாத்தாரு. ஏசிசிஏ கம்பெனிகளுக்குத் தர்ற ட்ரெய்னி டெவலப்மென்ட் அப்ரூவல்ல உங்க கம்பெனி கோல்டோ பிளாட்டினமோ வாங்கியிருந்தா ஒவ்வொரு அப்ஜெக்டிவா எழுத வேண்டிய வேலையே இல்லாம போகலாம், முதல்ல அதை ஹெச்ஆர்கிட்ட கேட்டுருங்க.

இன்னொண்ணு, ரெடிமேட் ஸ்டேட்மென்ட் விக்கறவங்ககிட்ட தயவுசெஞ்சு போகாதீங்க. ஒருத்தர் எழுதினதும் இன்னொருத்தர் எழுதினதும் ஒரே மாதிரி இருந்து மாட்டினவங்க, சம்பந்தமே இல்லாத ஆளை சூப்பர்வைசர்னு காட்டினவங்க, இவங்க மெம்பர்ஷிப்பே போன தீர்ப்பெல்லாம் ஏசிசிஏ சைட்லயே கிடக்கு. இத்தனை வருஷம் ராத்திரி முழிச்சு படிச்சதை இதுக்காகவா விடறது?

முக்கியமா, வேலையில இருக்கும்போதே அப்பப்ப எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு ஆஃபீஸ்ல, நான் கிளம்பினதுக்கு அப்புறம் பழைய மேனேஜர் மெயிலுக்கும் பதில் போடல, போனும் எடுக்கல, அங்க செஞ்ச மாசங்களுக்கு ஓகே வாங்க கடைசில ஹெச்ஆர் வழியா அலைய வேண்டியதாப் போச்சு. பேப்பர் போடறீங்கன்னா நோட்டீஸ் பீரியட் ஆரம்பிச்ச வாரத்துலயே லேப்டாப்போட சூப்பர்வைசர் சீட்டுக்குப் போயி, சைன்-ஆஃப் பண்ண சொல்லி அவருக்கு வந்த இன்வைட் மெயிலை அவரையே திறக்க சொல்லி, பக்கத்துல உக்காந்தே முடிச்சிருங்க.