வளவுக்குக் கூரை போடும் இன்ஜினியருக்கு எந்த பக்ளிங் புத்தகம்?

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு. வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, மேல் ஷீட் கூரை வேண்டும். வீட்டு ஆச்சி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: "தேக்குத் தூணையும் சுவரையும் தொடப்படாது தம்பி. உங்க கூரை தன் கால்லயே நிக்கட்டும்." அதனால் 4.5 மீட்டர் உயரத்தில் நான்கு பைப் தூண்கள். ஒல்லியான தூண் சுமையில் சட்டென்று பக்கவாட்டில் வளைந்து போவதுதான் பக்ளிங். இங்கே பயம் அதுதான். 80 மி.மீ. பைப், வெளிவிட்டம் 88.9, தடிமன் 4 மி.மீ.

என்னிடம் வேலை பழகும் தம்பி கணக்கைக் கொண்டுவந்தார். "அண்ணே, ரெண்டு முனையும் பின்னுன்னு எடுத்தேன். ஸ்லெண்டர்னஸ் 150. விதிநூல் சொல்ற 180-க்குள்ள இருக்கு." பின் என்றால் முனை சுழலலாம், நகரக் கூடாது. ஸ்லெண்டர்னஸ் என்பது தூண் எவ்வளவு ஒல்லி என்று சொல்லும் எண்.

"சரி, தூணோட தலை பக்கவாட்டுல நகராம யாரு பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். யாரும் பிடிக்கவில்லை. அடி மட்டும் இறுகி, தலை சும்மா நிற்கும் தூணுக்கு எஃபெக்டிவ் லெங்த் (பக்ளிங் கணக்குக்கு எடுக்கும் நீளம்) 4.5 இல்லை, 9 மீட்டர். ஸ்லெண்டர்னஸ் 300. யூலர் சுமை (கச்சிதமாக நேரான தூண் பக்ளிங் ஆகும் சுமை) 94 கிலோநியூட்டனிலிருந்து 23-க்கு இறங்கிவிடுகிறது.

அன்று சாயங்காலம் அலமாரியில் இருந்த புத்தகங்களிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஐ.எஸ். 800:2007, ஸ்டீல் கட்டுமானத்துக்கான நம் நாட்டு விதிநூல். சுருக்கமாக 'கோடு' (code). இப்படிப்பட்ட தூணுக்கு எஃபெக்டிவ் லெங்த் உயரத்தைப் போல் 2.0 மடங்கு என்று அட்டவணை 11 நேராகச் சொல்கிறது. அதைவிட முக்கியம் அதன் நான்கு பக்ளிங் வளைவுகள், ஸ்லெண்டர்னஸுக்கு ஏற்ப தூண் தாங்கும் சுமையைக் காட்டும் வரைபடங்கள். நிஜத்தூண் பிறக்கும்போதே கொஞ்சம் வளைந்திருக்கும், உள்ளே மிச்ச அழுத்தமும் இருக்கும். தம்பி எடுத்த 150-க்கே யூலர் 94 கொடுக்க, குளிர்நிலையில் உருவாக்கிய பைப்புக்கான 'பி' வளைவு சுமார் 68 கிலோநியூட்டன்தான் தருகிறது. ஆனால் கோடு 'ஏன்' என்று விளக்காது. அந்த இடத்தில் என். சுப்ரமணியனின் டிசைன் ஆஃப் ஸ்டீல் ஸ்ட்ரக்சர்ஸ் கை கொடுக்கும். நம் கோடு, நம் செக்‌ஷன், படிப்படியாகப் போட்ட கணக்கு. வேலைக்குப் புதிதாக வந்தவர் முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பேன். ஆனால் இது முழு ஸ்டீல் டிசைனுக்கான நூல். ஸ்டெபிலிட்டிக்கு, அதாவது பக்ளிங் ஆகாமல் நிலைத்து நிற்கும் விஷயத்துக்கு, அதில் ஒரு பங்குதான்.

அடுத்து எதை வாங்குவது? உண்மையான போட்டி இங்கேதான். காலாம்போஸும் சுரோவெக்கும் 2008-இல் எழுதிய ஸ்ட்ரக்சுரல் ஸ்டெபிலிட்டி ஆஃப் ஸ்டீல் ஒரு பக்கம். ஸீமியன் தொகுத்து 2010-இல் ஆறாம் பதிப்பாக வந்த கைடு டு ஸ்டெபிலிட்டி டிசைன் கிரைட்டீரியா இன்னொரு பக்கம். முன்னது பாடம் நடத்துகிறது. ஒற்றைத் தூணில் தொடங்கி, ஃபிரேம் மொத்தமாகச் சாய்வது வரை கூட்டிப் போகிறது. பிரேசிங்குக்கு (தூண் நகராமல் பிடிக்கும் தாங்கல்) தனி அத்தியாயமே உண்டு. எடுத்துக்காட்டுகள் அமெரிக்கக் கோடில் இருப்பதால் எண்களை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். பின்னது ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். வரிசையாக உட்கார்ந்து படிக்க முடியாது. சிக்கல் வந்தால் திறக்க வேண்டியது. ஆர்ச், ஷெல், மெல்லிய தகடு, எதைக் கேட்டாலும் என்ன ஆய்வு நடந்தது, எந்த நாட்டுக் கோடு என்ன சொல்கிறது என்று வைத்திருக்கிறது. பிரேசிங்குக்கு வலு மட்டும் போதாது, விறைப்பும் வேண்டும் என்பதை இரண்டுமே அழுத்திச் சொல்கின்றன. சைட்டில் நாம் அடிக்கடி கோட்டைவிடுவது அங்கேதான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் காலாம்போஸ்–சுரோவெக். நாலைந்து பேர் இருக்கும் ஆபீஸ் என்றால் கைடை வாங்கி நடுவில் வைக்கலாம்.

டிமோஷென்கோ–கியர்? தியரி ஆஃப் எலாஸ்டிக் ஸ்டெபிலிட்டி, 1936-இல் வந்து, 1961-இல் கியருடன் சேர்ந்து திருத்திய நூல். டோவர் மறுபதிப்பும் இருக்கிறது. எனர்ஜி முறையை (பக்ளிங் சுமையை ஆற்றல் கணக்கால் காணும் வழி) அதில் படித்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்த மரியாதை என்றும் உண்டு. ஆனால் கூரை போட நாளைக்கு வெல்டர் வரும்போது அதைத் திறந்தால் விடை கையில் வராது. நம் கோடைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கனம் கண்டு பயப்படுபவருக்கு சாஜெஸின் 1974 நூல் (பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஸ்ட்ரக்சுரல் ஸ்டெபிலிட்டி தியரி) சின்னது, தெளிவானது. தகடு பக்ளிங்குக்கு மட்டும் குணகம் வேண்டுமென்றால் ஜெரார்டும் பெக்கரும் 1957-இல் எழுதிய நாக்கா (நாசாவுக்கு முந்தைய அமெரிக்க விமான ஆய்வு அமைப்பு) கையேடு நாசா தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விமான வேலைக்கு எழுதியதுதான், ஆனாலும் அதன் வரைபடங்கள் நமக்கும் உதவும்.

ஆச்சி வீட்டு வேலைக்கு வருகிறேன். வளவில் குறுக்கு பிரேசிங் போட்டால் நடக்க வழி இருக்காது. அதனால் நான்கு தலைகளையும் விறைப்பான பீமால் சுற்றிலும் இணைத்து ஃபிரேமாக்கினோம். அப்படிச் செய்தால் கோடின்படி எஃபெக்டிவ் லெங்த் உயரத்தைப் போல் 1.2 மடங்கு. பழைய பைப்பில் 5.4 மீட்டருக்கு ஸ்லெண்டர்னஸ் சரியாக 180-இல் போய் முட்டியது. பீம் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் மூட்டு கொஞ்சம் சுழலத்தான் செய்யும், அப்போது 1.2 இன்னும் ஏறும். அதற்கு இடம் விட்டு 100 மி.மீ. பைப்புக்கு மாறினோம். 4.5 மி.மீ. தடிமனில் 139 வந்தது. தம்பி இப்போது காலாம்போஸ்–சுரோவெக்கை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார், பிரேசிங் அத்தியாயத்தில் அடையாளத்துக்கு ஒரு நூலிழை வைத்து.