கோல்டு ஃபிஷ் தொட்டியில் செர்ரி இறால்: ஓடு கழற்றும் இரவுதான் பிரச்சினை

கோயம்புத்தூரில் இருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "வீட்டுல மூணு கோல்டு ஃபிஷ் இருக்கு. அதுலயே கொஞ்சம் செர்ரி இறால் விடலாமா? உன் தொட்டியில ஒண்ணாத்தானே இருக்கு?" ஆமாம், ஒன்றாகத்தான் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் "தாராளமா விடு" என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என் தொட்டி நான்கடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. மீன்கள் இரண்டு ஒராண்டா, ஒரு ரியூகின்; இரண்டுமே உருண்டை உடம்புக் கோல்டு ஃபிஷ் வகைகள். இறால் எல்லாம் சாதாரணச் சிவப்புச் செர்ரி. வாயில் நுழையும் எதையும் கோல்டு ஃபிஷ் தின்னும் என்பது தெரிந்த கதை. செர்ரி இறால் முழுதாக வளர்ந்தாலும் மூன்று, மிஞ்சினால் நான்கு சென்டிமீட்டர்தான்; பெரிய ஒராண்டாவுக்கு அது ஒரு வாய்.

அப்படியிருந்தும் சாதாரண நாட்களில் இறால்கள் தப்பித்துக்கொள்கின்றன. ஒராண்டாவின் தலையில் வளரும் சதை அதன் பார்வையை மறைக்கிறது. உடம்பும் உருண்டை, வேகமும் இல்லை. இறால் வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் பின்பக்கமாகவே அரை அடி பறந்துவிடும். இதே இடத்தில் காமெட் மாதிரி ஒல்லியான, வேகமான வகை இருந்தால் கதை வேறு. அந்த வகை வைத்திருப்பவர்கள் இந்த ஆசையையே விட்டுவிடலாம்.

என்னை இன்று வரை எரிச்சல்படுத்துவது வேறு ஒன்று. இறால் வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு ஒரு நாளாவது உடம்பு மெத்தென்று இருக்கும். எங்காவது இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். பெண் இறால் ஓடு கழற்றியதும்தான் இணை சேரத் தயாராகிறது. அப்போது அது தண்ணீரில் விடும் வாசனைக்கு ஆண்கள் எல்லாம் கிறுக்குப் பிடித்த மாதிரி தொட்டி முழுக்க நீந்தித் திரியும். மாஸ் என்னும் பாசிச் செடிக்குள் பதுங்கிக் கிடந்தவை மேலும் கீழும் நடுத்தண்ணீரில் அலையும். வாலைச் சொடுக்கித் தப்பிக்க முடியாத பெண் ஒரு பக்கம், ஒளிய மறந்த ஆண்கள் இன்னொரு பக்கம். ஒராண்டாவுக்குக் கண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இரை வாய்க்கு முன்னால் தானாகவே வந்து நிற்கிறது.

சரி, ஓடு கழற்றுவது எப்போதாவது நடப்பதுதானே என்று விட்டுவிடவும் முடியாது. கோல்டு ஃபிஷ் கழிவு அதிகம் போடும். செவுள் வழியாகவே அம்மோனியாவைக் கொட்டிக்கொண்டிருக்கும். அதனால் வாராவாரம் தண்ணீரைக் கணிசமாக மாற்றியே ஆக வேண்டும். ஆனால் மொத்தமாகத் தண்ணீர் மாற்றினால், புதுத் தண்ணீரின் சூடும் உப்புகளும் வேறாக இருப்பதால், இறால்கள் உடனே ஓடு கழற்றத் தொடங்கும். மீனுக்கு நல்லது செய்யும் ஒவ்வொரு முறையும் இறாலை அதன் வாய்க்குத் தள்ளுகிறோம். மறுநாள் காலையில் தரையில் கண்ணாடி மாதிரி வெற்று ஓடுகள் கிடக்கும். ஓட்டின் சொந்தக்காரர் மட்டும் இருக்க மாட்டார்.

ஒரு முறை விளக்கு அணைக்கும் நேரத்தில் நேரிலேயே பார்த்தேன். பெரிய ஒராண்டா முட்டை சுமந்த ஒரு பெட்டையை உறிஞ்சி உள்ளே இழுத்தது. கோல்டு ஃபிஷுக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. அதனால் விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தது. துப்பியது, மறுபடி எடுத்தது, மறுபடி மென்றது. கடைசியில் இரண்டு மீசையும் ஓட்டுத் துணுக்கும் மட்டும் வெளியே மிதந்து வந்தன. வயிற்றடியில் இருந்த மஞ்சள் முட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்றைக்கு வந்த கோபத்தில் மீன்களை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் மீனைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அதற்கு இரைப்பையே கிடையாது. நாள் முழுக்க எதையாவது தேடிக் கொறித்துக்கொண்டிருப்பதுதான் அதன் பிழைப்பு.

எனக்குக் கோபம் எல்லாம் கடைக்காரர் மேல். சென்னை கொளத்தூரில் ஒரு கடையில் "ஒண்ணும் ஆகாது சார், தொட்டியையும் சுத்தமா வெச்சுக்கும்" என்று சொல்லி, கோல்டு ஃபிஷ் வாங்க வந்த ஒரு பையனுக்கு மீன் இருந்த பாலித்தீன் பைக்கு ஜோடியாக இறால் பையையும் கட்டிக் கொடுத்தார்கள். இறால் பாசியைத் தின்னும், மிச்ச உணவைத் தின்னும், இது உண்மை. மீன் கழிவைத் தின்னாது. கோல்டு ஃபிஷ் தொட்டியின் அழுக்கை இறால் குறைக்கும் என்று நம்பி வாங்குபவருக்கு இரண்டும் கெட்டுப் போகும்.

நான் செய்துவைத்திருப்பது இதுதான். தண்ணீரை ஒரே நாளில் பெரிதாக மாற்றுவதில்லை; வாரத்தில் பல தடவையாகப் பிரித்து, ஒரு வாளி, இரண்டு வாளி என்று, ஒரு நாள் முன்னமே பிடித்து வைத்த தண்ணீரை மெதுவாக விடுகிறேன். ஓடு கழற்றுவது ஒரே இரவில் கூட்டமாக நடப்பது இதனால் நின்றது. அப்புறம் தொட்டியின் ஒரு ஓரத்தை ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் வலையால் தடுத்துவிட்டேன். இறால் போய்வரும், மீன் மூக்கை மட்டும்தான் நுழைக்கும், அந்த அளவுக் கண்ணி. உள்ளே ஜாவா மாஸ், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். மீன்கள் வலைக்கு முன்னால் மீன் வெட்டும் இடத்துப் பூனை மாதிரி காத்துக்கிடக்கும். கிடக்கட்டும்.

வலைக்குப் பின்னால் நடப்பதைச் சொல்லாவிட்டால் இறாலுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். ஒரு பெட்டை இருபது முப்பது முட்டை சுமக்கும். வயிற்றடியில் இருக்கும் நீச்சல் கால்களால் விடாமல் விசிறிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது ஒரு முட்டையைக் காலால் புரட்டிச் சுத்தம் செய்யும். ஒரு மாதத்துக்குள் அரிசி முனை அளவில், அப்படியே பெரிய இறாலின் உருவத்தில் குட்டிகள் வரும். அவை ஸ்பாஞ்ச் மேல் உட்கார்ந்து, அதில் படிந்திருப்பதைக் குட்டிக் கைகளால் மாறி மாறிக் கிள்ளி வாயில் போடும். ஆபீஸிலிருந்து வந்ததும் நான் போய் நிற்கும் இடம் அந்த ஓரம்தான். பல வருடமாக மீன் வளர்க்கிறேன்; இவ்வளவு நேரம் தொட்டி முன்னால் நின்றதில்லை. அனுபியாஸ் இலைகளில் பழுப்பாகப் படியும் பாசியும் சுத்தமாகப் போய்விட்டது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. இறால் அத்தனையும் போய்விடும். செம்புக் குடத்தில் வைத்த தண்ணீரும் வேண்டாம். கொசு மருந்து ஸ்பிரே, தெருவில் அடிக்கும் புகை மருந்து இரண்டும் இறாலுக்கு விஷம். புகை வண்டி வந்தால் முதலில் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியை மூடுவேன். புகை அடங்கிய பிறகே பம்பைத் திரும்பப் போடுவேன். சென்னை மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். அது இறாலுக்கும் ஆகாது, குளிர்ந்த தண்ணீர் மீனான கோல்டு ஃபிஷுக்கும் ஆகாது. மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தால் சில டிகிரி இறங்கும். ஆவியாகிப் போன அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும், போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடி இறால் என்று விலை மலிவாகத் தருவதில் நீளமான கொடுக்குள்ள ஆற்று இறால் கலந்து வரும். அது திரும்ப மீனின் வாலைக் கடிக்கும்.

ஒரே தண்ணீரில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் அமானோ இறால் கிடைக்கிறதா என்று பாருங்கள். விலை கூடுதல். ஆனால் ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும், முரட்டுத் தைரியம். ஒராண்டாவின் முகத்துக்கு முன்னாலிருந்து தீவனக் குருணையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். அதன் குஞ்சுகளுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும் என்பதால் வீட்டில் பெருகாது.

என் தொட்டியில் வலையை எடுக்கப் போவதில்லை, இறாலையும் பிரிக்கப் போவதில்லை. கோயம்புத்தூர் நண்பருக்கு மட்டும் பதில்: விடாதே. பத்து இருபது லிட்டரில் தனியாக ஒரு சின்னத் தொட்டி வை. அதற்கு வேண்டிய மாஸும் இறாலும் என் வீட்டிலிருந்தே தருகிறேன், காசு வேண்டாம். கோல்டு ஃபிஷ் தொட்டிக்கு என்றால் ஒரு இறால்கூடத் தர மாட்டேன்.