லிஜ்ஜத் அப்பளம்: பொரிக்காதீர்கள், சுடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வத்தக்குழம்புக்குத் தொட்டுக்கொள்ள இதை வாங்காதீர்கள், அதற்கு எண்ணெயில் போட்டதும் உப்பி எழும்பும் நம்மூர் அப்பளம்தான் சரி. லிஜ்ஜத் வேறு ஜாதி. மெல்லிசு, உளுந்து மாவிலேயே மிளகும் பெருங்காயமும் இருக்கும். முதல் பாக்கெட்டை நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டுக் கருக்கியது நான்தான், அப்பளத்தின் மேல் தப்பில்லை. அடுத்த பாக்கெட்டில் புத்தி வந்தது. தீயைக் குறைத்து, இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து, நேரே தீயில் திருப்பித் திருப்பிக் காட்டினால் கொப்புளம் கொப்புளமாக வெளுக்கும், மிளகு வாசம் கூடம் வரைக்கும் வரும். தயிர்சாதத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இதைச் செய்பவர்களே இதன் முதலாளிகள். 1959-இல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் ஆரம்பித்தது, முதல் நாள் நாலே பாக்கெட். மழைக்காலம் வந்ததும் காயவைக்க வழியில்லாமல் நான்கு மாதம் வேலை நின்றுபோனது. அடுத்த வருஷம் கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் ஸ்டவ்வை ஏற்றி வைத்துக் காயவைத்திருக்கிறார்கள்! வடாம் பிழிந்த அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்ட வீட்டுக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். இன்று சுமார் 45,000 பெண்கள். காலையில் கிளைக்குப் போய்ப் பிசைந்த மாவை வாங்கிவந்து, வீட்டிலேயே இட்டுக் காயவைத்து, மறுநாள் எடைபோட்டுக் கொடுத்தால் கையோடு கூலி. லாபத்திலும் பங்கு, நட்டத்திலும் பங்கு.

நன்கொடை வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்களாம், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. பொருட்காட்சியில் "ஏழைப் பெண்கள் செய்தது சார்" என்றதும் மனசு இளகி வாங்கிய ஊறுகாய் பாட்டில்கள் என் வீட்டில் பூசணம் பூத்துக் கிடந்திருக்கின்றன, இரண்டாவது பாட்டில் நான் வாங்கியதே இல்லை, அப்புறம் அந்தப் பெண்களுக்கு என்ன பிரயோஜனம்? லிஜ்ஜத்காரர்களும் முதலில் மலிவாக இன்னொரு ரகம் போட்டார்கள், சகன்லால் பாரேக் என்ற பெரியவர் ஒரே தரத்தில் போடச் சொன்னதும் அதை விட்டுவிட்டார்கள். இரக்கப்பட்டு இதை யாரும் வாங்குவதில்லை, நாக்குக்காகத்தான் வாங்குகிறார்கள். வாங்கும்போது தேதியை மட்டும் பாருங்கள். எங்கள் தெருமுனைக் கடையில் எப்போதோ வாங்கிப்போட்ட பாக்கெட்டை என் தலையில் கட்டினார்கள், பிரித்தால் பாதி தூள்.